சூப்பர் ஹீரோக்கள் குழந்தைகளுக்கும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் சூப்பர் ஹீரோ படங்களைப் பற்றி வந்திருந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இந்தக் கதைகள் ஒருவழியாக முதிர்ச்சி அடைந்துவிட்டன, இனி இவற்றைச் சிறுபிள்ளைச் சமாச்சாரம் என்று யாரும் ஒதுக்க முடியாது என்று அதில் எழுதியிருந்தார்கள். இருண்ட கதைகளைப் புகழ்ந்து சொன்னதில் பாதிக்கு மேல் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் அந்தச் 'சிறுபிள்ளைச் சமாச்சாரம்' என்ற சொல் படித்து முடித்த பிறகும் உறுத்திக்கொண்டே இருந்தது. சிறுபிள்ளைகளுக்காகப் பிறந்த ஒன்றைப் பெரியவர்கள் எடுத்துக்கொண்டு, இப்போதுதான் இது உருப்பட்டது என்று சொல்வது எப்படி நியாயம்? அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா மகனுக்கு அப்போது ஆறு வயது. பேட்மேன் என்றால் உயிர். அவன் சட்டையில் வௌவால் சின்னம், புத்தகப் பையில் வௌவால் சின்னம், தூங்கும்போது போர்த்திக்கொள்ளும் போர்வையிலும் அதேதான். புதிய பேட்மேன் படம் வந்தபோது கூட்டிப்போகச் சொல்லி ஒரு வாரம் நச்சரித்தான். நானும் எதையும் விசாரிக்காமல் கூட்டிப்போனேன். அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம். அவன் அழவில்லை. அழுதிருந்தால்கூடச் சமாதானம் சொல்லியிருப்பேன். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "சித்தி, அவர் ஏன் சிரிக்கவே மாட்டேங்கறார்?" என்று கேட்டான். வீடு வந்து சேரும்வரை அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அன்று இரவு அந்தப் போர்வையும் வேண்டாம் என்றான்.

விசாரிக்காமல் போனது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தச் சட்டையையும் பையையும் போர்வையையும் ஆறு வயதுப் பிள்ளையின் அளவுக்குச் செய்து விற்றவர்கள், ஆறு வயதுப் பிள்ளையிடம்தானே பேசினார்கள்? சின்னத்தை அவனுக்கு விற்றுவிட்டு, அந்தச் சின்னத்துக்குள் இருக்கும் கதையை மட்டும் உனக்கு இல்லை என்று சொல்கிறார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

இந்தக் கதைகள் யாருக்காகத் தொடங்கின என்பதில் குழப்பமே கிடையாது. 1938-ல் சூப்பர்மேன் முதன்முதலாக வந்த இதழின் விலை பத்து சென்ட். அமெரிக்கச் சிறுவர்கள் தங்கள் கையில் இருந்த சில்லறையைக் கொடுத்து அதை வாங்கினார்கள். அடுத்த ஆண்டு பேட்மேன். அதற்கடுத்த ஆண்டு, 1940-ல், பில்லி பேட்சன் என்ற சிறுவன் ஒருவன் வருகிறான். 'ஷசாம்' என்று ஒரே ஒரு சொல்லைச் சொன்னால் போதும், மின்னல் இறங்கும், அவன் கேப்டன் மார்வெல் என்ற மாபெரும் வீரனாகிவிடுவான். பெரியவர்கள் உலகத்தில் தன் பேச்சு எடுபடாத ஒரு பிள்ளை மனதுக்குள் என்ன ஆசைப்படுமோ, அந்த ஆசையை அப்படியே கதையாக்கிவிட்டார்கள். நாற்பதுகளில் ஒரு கட்டத்தில் அந்தப் புத்தகம் சூப்பர்மேனையே விற்பனையில் முந்தியது என்றால் ஆச்சரியமே இல்லை.

அதே 1940-ல்தான் ராபினும் வந்தான். பேட்மேனோடு ஓடவும் தாவவும் ஒரு பையன் வேண்டும், படிக்கும் பிள்ளை அந்த இடத்தில் தன்னை வைத்துப் பார்க்க வேண்டும், பேட்மேனுக்கும் பேசுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்றுதான் அவனைப் படைத்தார்கள். பளிச்சென்ற சிவப்பு, பச்சை, மஞ்சள் உடையில் அவன் வந்து நின்றதும் அந்தக் கதையின் நிறமே மாறிவிட்டது.

சரி, அதற்கு முன்னால் பேட்மேன் எப்படி இருந்தார் என்றும் சொல்லத்தான் வேண்டும். மறைத்தால் என் வாதம் பொய்யாகிவிடும். முதல் கதையிலேயே வில்லன் அமிலத் தொட்டிக்குள் விழுந்து சாகிறான், பேட்மேன் அதற்காக வருத்தப்படவும் இல்லை. ஆரம்பக் கதைகள் சிலவற்றில் கையில் துப்பாக்கியும் இருந்தது. பிறகு ஆசிரியர் குழுவில் இருந்தவர்கள்தான் துப்பாக்கி வேண்டாம், கொல்லவும் வேண்டாம் என்று நிறுத்தினார்கள். தெருவில் அம்மாவும் அப்பாவும் சுடப்பட்டு விழுவதைப் பார்த்த பிள்ளை என்பதுதான் பேட்மேனின் பிறப்புக் கதையே. 1962-ல் வந்த ஸ்பைடர்மேனும், தான் ஓடவிட்ட திருடன் தன் பெரியப்பாவையே கொன்றுவிட்டான் என்று தெரிந்துகொண்ட பையன்தான். ஆக, இருட்டு எங்கிருந்தோ வந்து புகுந்தது என்று நான் சொல்லவே மாட்டேன். அது முதலிலிருந்தே உள்ளே இருந்தது. அந்த இருட்டுக்குள் ஒரு பிள்ளையைக் கைபிடித்துக் கூட்டிப்போய் மறுபக்கம் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்பதுதான் அந்தக் கதைகளின் பெருமை.

உங்கள் கட்டுரைக்குப் பதிலாக ஒரு வாசகர், இருண்ட படங்களையெல்லாம் தடை செய்ய வேண்டும் என்று அடுத்த வாரமே எழுதியிருந்தார். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வழியை ஏற்கெனவே ஒருமுறை போட்டுப் பார்த்தாகிவிட்டது. 1954-ல் பிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ் படிப்பதால்தான் பிள்ளைகள் குற்றவாளிகளாகிறார்கள் என்று ஒரு புத்தகம் எழுதினார். அமெரிக்க செனட்டின் துணைக்குழு விசாரணை நடத்தியது. பயந்துபோன பதிப்பாளர்கள் அரசு தலையிடுவதற்கு முன்பாகத் தாங்களே ஒரு விதித்தொகுப்பை எழுதி ஒப்புக்கொண்டார்கள். எந்தக் கதையிலும் நன்மைதான் தீமையை வெல்ல வேண்டும், போலீஸ்காரரையும் நீதிபதியையும் மரியாதை குறையும்படி காட்டக் கூடாது, ரத்தக் காட்டேரி கூடாது, தலைப்பில் 'பயங்கரம்' போன்ற சொற்களே கூடாது என்று வரிசையாக விதிகள். அந்த விதிகளின்படி ஒவ்வோர் இதழையும் பார்த்து முத்திரை தர ஒரு குழுவும் வைத்தார்கள். முத்திரை இல்லாத இதழைக் கடைகளுக்கு அனுப்ப விநியோகஸ்தர்கள் தயங்கினார்கள். பெரியவர்களுக்கான காமிக்ஸ் ஏறக்குறைய காணாமல் போனது. போனது அது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை, பிள்ளைகளுக்கு வந்ததும் உப்புச்சப்பில்லாமல் போனது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எதற்குமே பயப்படத் தேவையில்லாத கதையில் தைரியத்துக்கு என்ன வேலை?

அந்த விதிகள் எவ்வளவு இறுக்கமானவை என்பதற்கு 1971-ல் நடந்தது போதும். போதைப்பொருளின் கேட்டைச் சொல்லி ஒரு கதை எழுதுங்கள் என்று அமெரிக்க அரசின் சுகாதாரத் துறையே கேட்டுக்கொண்டு, ஸ்பைடர்மேன் இதழ்களில் அப்படி ஒரு கதை தயாரானது. அதில் போதைப்பொருள் வருகிறது என்பதற்காகவே விதிக்குழு முத்திரை தர மறுத்துவிட்டது. அந்தக் கதையை எழுதிய ஸ்டான் லீ முத்திரை இல்லாமலே வெளியிட்டார், அதே ஆண்டு விதிகளையும் தளர்த்தினார்கள். ஆகவே தடை கேட்கும் கடிதமாக இதைத் தயவுசெய்து எண்ண வேண்டாம்.

1986-ஐப் பற்றி உங்கள் கட்டுரையாளர் உருகி எழுதியிருந்தார். நியாயம்தான். ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் 'வாட்ச்மென்' என்ற காமிக்ஸைத் தொடங்கிய ஆண்டு அது, பிராங்க் மில்லர் வயதான பேட்மேனை வரைந்த ஆண்டும் அதுவே. கல்லூரியில் படிக்கும்போது ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து 'வாட்ச்மென்' படித்தேன், விடிந்த பிறகும் மனம் நிலைகொள்ளவில்லை. முகமூடி போட்டுக்கொண்டு சட்டத்தைத் தன் கையில் எடுப்பவன் நிஜத்தில் எப்படிப்பட்ட ஆளாக இருப்பான் என்ற கேள்வியை அவ்வளவு நேர்மையாகக் கேட்ட கதை அது. பெரியவர்கள் படிக்க வேண்டிய கதை, பெரியவர்களுக்கு என்றே எழுதிய கதை. அதில் வரும் ஆட்களையும் அந்தக் கதைக்கென்றே புதிதாக உருவாக்கினார்கள், எந்தப் பிள்ளையின் போர்வையிலும் அவர்கள் அதற்கு முன் இருந்ததில்லை.

சிக்கல் அதற்குப் பிறகு வந்தவர்களிடம். அந்தப் புத்தகங்களின் கேள்வியை விட்டுவிட்டு ரத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1988-ல் நடந்த ஒன்றை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். அப்போது ராபினாக இருந்தவன் ஜேசன் டாட் என்ற இரண்டாவது ராபின். பேட்மேனின் எதிரியான ஜோக்கர் அவனை இரும்புக் கம்பியால் அடித்துப் போட்டுவிட்டுப் போகிறான், குண்டு வெடிக்கிறது. அவன் பிழைக்க வேண்டுமா, சாக வேண்டுமா என்று இரண்டு தொலைபேசி எண்களைக் கொடுத்து வாசகர்களையே வாக்களிக்கச் சொன்னார்கள். சாகட்டும் என்று 5,343 அழைப்புகள், பிழைக்கட்டும் என்று 5,271. வெறும் 72 அழைப்பு வித்தியாசத்தில் ஒரு பிள்ளையைக் கொன்றார்கள். கதைதானே என்று சொல்லலாம். ஆனால் 1940-ல் எந்தப் பிள்ளை கதைக்குள் வந்து நிற்பதற்காக ராபினைப் படைத்தார்களோ, அந்தப் பிள்ளை நிற்கும் இடத்தைத்தான் அன்றைக்கு அழித்தார்கள் என்று எனக்குத் தோன்றும். இனி இது உன் வீடு இல்லை என்று சொன்னது போல.

இதற்கு வியாபாரக் காரணமும் இருக்கிறது. அதுவரை மருந்துக் கடையிலும் பத்திரிகைக் கடையிலும் சுழலும் கம்பித் தட்டுகளில் கிடைத்த காமிக்ஸ், எழுபதுகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காமிக்ஸுக்கென்றே இருக்கும் தனிக்கடைகளுக்கு இடம் மாறியது. தேடிப்போய் வாங்குபவர்கள் மட்டும் வாங்கினார்கள், அவர்களுக்கு வருடா வருடம் வயது ஏறியது, அவர்களோடு சேர்ந்து கதைக்கும் வயது ஏறியது. அம்மாவோடு எதையோ வாங்கப் போன இடத்தில் தற்செயலாக ஓர் அட்டைப்படத்தைப் பார்த்துவிட்டு இதை வாங்கித் தா என்று அடம் பிடிக்கும் புதிய பிள்ளை வரவே இல்லை. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை, ஆனாலும் நடந்துவிட்டது.

சினிமாவிலும் இதே கதைதான். 1992-ல் வந்த இரண்டாவது பெரிய பேட்மேன் படத்துக்கு ஒரு துரித உணவு நிறுவனம் சிறுவர் உணவுப் பெட்டியோடு பொம்மைகளைக் கொடுத்தது. பொம்மையைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் படத்துக்குப் போனார்கள், படமோ இருளும் கோரமுமாக இருந்தது. பெற்றோர்கள் கொதித்துப்போனார்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? 1995-ல் இயக்குநரை மாற்றி, வண்ண விளக்கும் வேடிக்கையுமாக அடுத்த படத்தை எடுத்தார்கள். ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் மறுபக்கம் அடியோடு சாய்வது. ஒரே படத்தை எல்லாருக்கும் விற்க வேண்டும் என்று நினைப்பதால்தான் இந்தத் தடுமாற்றம்.

அதனால் எனக்கு ஒரு விஷயத்தில் வழக்கத்துக்கு மாறான கருத்து உண்டு. வெளிப்படையாகப் பெரியவர்களுக்கு என்று வரும் படங்களோடு எனக்குச் சண்டை இல்லை. 2017-ல் வந்த 'லோகன்', 2019-ல் வந்த 'ஜோக்கர்' இரண்டுமே அமெரிக்காவில் ஆர் சான்றிதழ் வாங்கிய படங்கள், அதாவது பதினேழு வயதுக்குக் கீழே இருந்தால் பெரியவர் துணையோடுதான் போக வேண்டும். 'ஜோக்கர்' நூறு கோடி டாலருக்கு மேல் வசூலித்தது, வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருதும் வாங்கியது. வாசலிலேயே இது உனக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள், அதில் ஒரு நேர்மை இருக்கிறது. என் கவலையெல்லாம் நடுவில் நிற்கும் படங்கள்தான். 1984-ல் அங்கே பிஜி-13 என்று ஒரு சான்றிதழைப் புதிதாகக் கொண்டுவந்தார்கள், பதின்மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சில பகுதிகள் பொருந்தாமல் போகலாம் என்று எச்சரிப்பதற்காக. இன்றைய பெரிய சூப்பர் ஹீரோ படங்கள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நிற்கின்றன. படம் பதின்மூன்று வயதுக்கு, பொம்மை நான்கு வயதுக்கு. நானும் அக்கா மகனும் மாட்டிக்கொண்டது அந்த இடைவெளியில்தான்.

இன்னொன்றையும் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கார்ட்டூன் என்றால் பிள்ளைகளுக்கு என்ற காலம் போய்விட்டது. 2021-ல் தொடங்கிய 'இன்வின்சிபிள்' தொடரைப் பாருங்கள், நிறமும் கோடும் சனிக்கிழமைக் காலைக் கார்ட்டூன் மாதிரியே இருக்கும். முதல் அத்தியாயத்தின் கடைசிச் சில நிமிடங்களில் நடக்கும் கொலைகளைப் பெரியவர்களே கண்ணை மூடிக்கொண்டுதான் பார்க்க முடியும். பெரியவர்களுக்கு அது நல்ல தொடர். ஆனால் சமையலறையிலிருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, கார்ட்டூன்தானே ஓடுகிறது என்று அம்மா நிம்மதியாக இருந்துவிடுவாரே!

பிள்ளைகள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பதை நாம் சரியாகப் புரிந்துகொள்வதே இல்லை. எண்பதுகளில் ஜோன் கேன்டர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் தொலைக்காட்சியில் வந்த ஹல்க் தொடரை வைத்து ஆராய்ந்தார்கள். சாது மனிதர் ஒருவர் கோபம் வந்தால் பச்சை நிற ராட்சதனாக மாறி நல்லவர்களைக் காப்பாற்றுவார், அவ்வளவுதான் கதை. கொஞ்சம் பெரிய பிள்ளைகள், அந்த மனிதர் ஆபத்தில் இருக்கும்போது பயந்தார்கள், ஹல்க் வந்துவிட்டால் அப்பாடா என்று தைரியமானார்கள். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளோ ஹல்க் வந்த பிறகுதான் அதிகம் பயந்தார்கள். ராட்சதனுக்குள் இருப்பவர் அதே நல்ல மனிதர்தான் என்பது அந்த வயதில் பிடிபடாது. அவர்களுக்குக் கண்ணில் படும் உருவம்தான் உண்மை. நாம் 'கடைசியில் நல்லதுதானே நடக்குது' என்று சமாதானம் சொல்கிறோம். அந்தக் கடைசி அவர்களுக்குப் போய்ச் சேர்வதே இல்லை.

அதே சமயம் இந்த ஹீரோக்கள் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய துணை என்பதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது, அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. 2017-ல் வெளியானது. நான்கு வயது, ஆறு வயதுப் பிள்ளைகள் 180 பேருக்குச் சலிப்பூட்டும் ஒரு வேலையைக் கணினியில் கொடுத்தார்கள், பத்து நிமிடம் செய்ய வேண்டும். பக்கத்திலேயே விளையாட ஒரு டேப்லெட்டும் வைத்துவிட்டார்கள், எப்போது வேண்டுமானாலும் எழுந்து விளையாடப் போகலாம். சில பிள்ளைகளை 'நான் நன்றாக உழைக்கிறேனா' என்று தன்னையே கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள். சிலருக்கு மேலங்கியோ வேறு ஏதாவது வேஷப் பொருளோ கொடுத்து, நீதான் பேட்மேன், 'பேட்மேன் நன்றாக உழைக்கிறாரா' என்று கேட்டுக்கொள் என்றார்கள். பேட்மேன் பிடிக்காதவர்கள் வேறு பாத்திரத்தையும் எடுத்துக்கொள்ளலாம். அப்படி இன்னொருவராக மாறிய பிள்ளைகள்தான் அந்த வேலையில் அதிக நேரம் நிலைத்து நின்றார்கள். நான்கு வயதில் தனக்கே இல்லாத ஒரு பொறுமையை ஒரு மேலங்கியிடமிருந்து கடன் வாங்க முடிகிறது. அப்படிக் கடன் கொடுக்கும் பேட்மேன் எப்படிப்பட்டவர் என்பது எவ்வளவு முக்கியம்!

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே 2017-ல் சாரா காய்ன் குழுவினர் பள்ளிக்குப் போகும் முன் வயதுப் பிள்ளைகள் 240 பேரை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. சூப்பர் ஹீரோக்களில் மிகவும் மூழ்கியிருந்த பிள்ளைகளிடம் ஓராண்டுக்குப் பிறகு அடிதடி கூடுதலாக இருந்தது, ஆனால் அடிபடும் பிள்ளைக்காகப் பரிந்து போகும் குணம் கூடியிருக்கவில்லை. அதாவது குத்தை எடுத்துக்கொண்டார்கள், காப்பாற்றுவதை எடுத்துக்கொள்ளவில்லை. இதைக் காட்டிச் சூப்பர் ஹீரோவே வேண்டாம் என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் தெரிவது வேறு. பிள்ளைகளுக்கு என்று செய்யும் கதைகளிலும் குத்துக்குத்தான் சத்தமும் நேரமும் கொடுக்கிறார்கள், காப்பாற்றுவது ஒரு நொடியில் போய்விடுகிறது. 1978-ல் வந்த சூப்பர்மேன் படத்தில் ஒரு சிறுமியின் பூனை மரத்தில் மாட்டிக்கொள்ளும், அவர் வந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவார். பூமியையே சுற்றி வரக்கூடியவர் ஒரு பூனைக்காக நிற்கிறார். எந்தப் பிள்ளைக்கும் அது மறக்காது.

ஆகவே மென்மையான கதை என்று நான் கேட்பது மொண்ணையான கதையை இல்லை. இதைத்தான் படம் எடுப்பவர்களும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், உங்கள் கட்டுரையாளரும் அப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். 1992-ல் தொடங்கிய பேட்மேன் அனிமேஷன் தொடர் தொலைக்காட்சியில் பிள்ளைகளுக்காக வந்தது. பின்னணிக் காட்சிகளைக் கறுப்புத் தாளின் மேல் வரைந்தார்கள், அதனால் இரவு உண்மையிலேயே இரவாக இருக்கும். அதில் ராபினின் பெற்றோர் சர்க்கஸில் விழுந்து இறக்கும் அத்தியாயம் ஒன்று உண்டு. விழுவதைக் காட்டவே மாட்டார்கள். ஊஞ்சல் ஆடிப் போகும், திரும்பி வரும்போது அறுந்த கயிறு மட்டும்தான் வரும். அவ்வளவுதான். அம்மா அப்பா போய்விட்டார்கள் என்பது பிள்ளைக்குப் புரிந்துவிடும், ஆனால் கனவில் துரத்தும்படி எந்த உருவமும் மனதில் பதியாது. அந்த அத்தியாயம் எம்மி விருது வாங்கியது. ரத்தத்தைக் காட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்ததால்தான் அந்தக் கயிறு கிடைத்தது என்று நான் நம்புகிறேன். இருண்ட படம் எடுக்கும் எத்தனையோ பேருக்கு அந்த ஒரு கயிறு கைவராது.

2004-ல் வந்த 'தி இன்கிரெடிபிள்ஸ்' படத்தில் ஒரு குகைக்குள் அம்மா தன் பிள்ளைகளை உட்காரவைத்து, இவர்கள் நீங்கள் கார்ட்டூனில் பார்க்கும் கெட்டவர்கள் மாதிரி இல்லை, குழந்தைகள் என்று பார்க்க மாட்டார்கள், கொன்றுவிடுவார்கள் என்று நேராகவே சொல்வார். எத்தனை நேர்மையான காட்சி! சொல்வது அம்மா, சொல்லும்போது பக்கத்தில் இருக்கிறார், அதனால் பிள்ளையால் தாங்க முடிகிறது. 2018-ல் வந்த ஸ்பைடர்மேன் அனிமேஷன் படம் மைல்ஸ் மொராலிஸ் என்ற பள்ளிக்கூடப் பையனைப் பற்றியது, அதில் சாவும் உண்டு, துரோகமும் உண்டு, குடும்பத்தோடு பார்க்கவும் முடியும், ஆஸ்கரும் வாங்கியது. காமிக்ஸிலும் ஜீன் லுவென் யாங் எழுதிய ஒரு சூப்பர்மேன் கதை, நிறவெறிக் கும்பல் ஒன்று சீனக் குடும்பத்தைத் துரத்துவதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு எழுதிக் காட்டியது. 1946-ல் வந்த வானொலித் தொடர்தான் அதற்கு மூலம். சொல்லக் கூடாத விஷயம் என்று ஏதும் இல்லை, சொல்லும் விதம்தான் எல்லாம்.

ஆனால் இவையெல்லாம் எண்ணிக்கையில் கொஞ்சம். மற்றபடி பிள்ளைகளுக்கு என்று வருவதில் பெரும்பகுதி பொம்மை விற்பதற்கான விளம்பரமாக இருக்கிறது. கத்தல், ஓட்டம், ஒருவரை ஒருவர் கேலி செய்வது, அப்புறம் வெடிப்பு, அதோடு முடிந்துவிடுகிறது. வில்லன் ஏன் இப்படி ஆனான் என்று ஒரு வரி இருக்காது. நல்ல எழுத்தாளர்களையும் நல்ல இசையையும் நல்ல பணத்தையும் பெரியவர்கள் படத்துக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள். பந்தியில் பிள்ளைகளை முதலில் உட்கார வைக்கும் மனசு கதைக்கு மட்டும் ஏன் வர மாட்டேன் என்கிறது?

பிள்ளைகள் எப்படியும் போனில் எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறார்கள், இனி எதைத் தடுத்து என்ன என்று சிலர் கேட்பார்கள். பார்த்துவிடுகிறார்கள் என்பதற்காகவே அவர்களுக்கென்று ஒன்று வேண்டும் என்கிறேன். இன்னும் சிலர், அந்தக் காலத்தில் பாட்டி சொன்ன கதைகளில் பேயும் அரக்கனும் வரவில்லையா, நாங்கள் வளரவில்லையா என்பார்கள். வந்தார்கள்தான். ஆனால் பாட்டி நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கண் கலங்கினால் அரக்கனைச் சீக்கிரம் சாகடித்தார், சிரித்தால் இன்னும் நாலு அரக்கனைக் கொண்டுவந்தார். திரைக்கு நம் முகம் தெரியாது. அந்த வேலையைப் படம் எடுப்பவர்கள் முன்கூட்டியே செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் கூட இருக்கும் நாம் செய்ய வேண்டும்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஒரே பேட்மேன் இருண்ட கதையிலும் வரட்டும், பிள்ளைகள் கதையிலும் வரட்டும், அது அந்தப் பாத்திரத்தின் பலம். ஆனால் பெரியவர்களுக்காக ஒன்று வரும்போது பிள்ளைகளுக்காகவும் அதே அக்கறையோடு ஒன்று வர வேண்டும். பெரியவர்கள் படத்தின் பொம்மையை நான்கு வயதுப் பிள்ளையிடம் நீட்டக் கூடாது. அப்புறம், ஒரு பிள்ளை ஒரு ஹீரோவை முதன்முதலில் சந்திப்பது வெளிச்சத்தில் இருக்கட்டும். யார் இவர், எதற்காக நிற்கிறார் என்று மனதில் பதிந்த பிறகு, பதினைந்து வயதிலோ இருபது வயதிலோ அவர் தடுமாறுவதைப் பார்த்தால்தான் அந்தத் தடுமாற்றத்துக்கே பொருள் உண்டு. 'வாட்ச்மென்' அன்றிரவு என்னை அவ்வளவு உலுக்கியதற்குக் காரணம், அதற்கு முன் எட்டு வயதில் நான் சூப்பர்மேனை முழுசாக நம்பியிருந்தேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் சினிமா விமர்சனப் பகுதியில் ஒளிப்பதிவு, இசை, நடிப்பு எல்லாம் எழுதுகிறீர்கள். சூப்பர் ஹீரோ படம் என்றால் இன்னும் ஒரே ஒரு வரி சேருங்கள்: எந்த வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போகலாம், எந்தக் காட்சி அவர்களைப் பயமுறுத்தும் என்று. சான்றிதழின் எழுத்தைப் போட்டால் போதாது, படம் பார்த்த மனிதர் ஒருவர் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு என்று நல்ல தொடரோ காமிக்ஸோ வந்தால் அதையும் பெரியவர்கள் படத்துக்குக் கொடுக்கும் அளவு இடம் கொடுத்து எழுதுங்கள்.

அக்கா மகனுக்கு இப்போது எட்டு வயது. போன மாதம் அந்தப் பழைய அனிமேஷன் தொடரை அவனோடு உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினேன். கயிறு வரும் இடத்தில் சட்டென்று என் பக்கம் நகர்ந்து வந்து ஒட்டிக்கொண்டான். "அவங்க அம்மா அப்பா செத்துட்டாங்களா சித்தி?" என்றான். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "பேட்மேன் அவனைக் கூட்டிட்டுப் போயிடுவாரா?" என்றான். நான் பதில் சொல்லவில்லை, அது இரண்டு பாகமாக வரும் கதை. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி